விளக்கை அணைச்சுக்கோ

கலங்கரை விளக்கக் காவலர்கள் இருவரைப் பற்றிய அந்தத் தொடரை எனக்குத் தெரிந்த யாரும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"ரெண்டு பேரு கடலைப் பாத்துட்டே உக்காந்திருக்காங்க. இதுல என்னண்ணா இருக்கு?" என்றாள் தங்கை. கண்ட குப்பைத் தொடருக்கெல்லாம் மூக்கைச் சிந்துகிறவள் அவள்.

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், விடிந்ததும், மூத்தவர் விளக்கை அணைக்கச் சொல்வார். தமிழ் டப்பிங்கில் யாரோ சொதப்பி, "விளக்கை அணைச்சுக்கோ" என்று கட்டிப்பிடிக்கச் சொல்ல வைத்துவிட்டார்கள். அதைச் சமாளிக்க இளையவனை "சுடுமேண்ணே!" என்று முனக விட்டார்கள். அந்த இடம் எனக்கு உயிர்.

நான் வேலை பார்க்கும் கிடங்கில் ஆள் நான் ஒருவன்தான். மாலையில் இன்னொரு கிடங்குக்கு போன் போட்டுச் சரக்கிருப்பைச் சொல்வேன். முடிக்கும்போது, "விளக்கை அணைச்சுக்கோங்க" என்பேன். அங்கிருக்கும் அம்மா, "சரி சார்" என்று வைத்துவிடுவார்.

நேற்று அவருக்கு விடுப்பு. யாரோ ஒரு புதுப் பெண் எடுத்தாள். பழக்கதோஷத்தில் அதையே சொல்லித் தொலைத்தேன். தப்பாக நினைத்துவிட்டாளோ என்று எனக்கு வியர்த்துவிட்டது.

"சுடுமேண்ணே" என்றாள், மெல்ல.

ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். தொடரில் அந்த இடத்தோடு நடித்தவர்கள் பெயர்கள் ஓடத் தொடங்கிவிடும். அதற்கு மேல் எனக்கு வசனம் தெரியாது.