அசையாமல் உட்கார்ந்த நாற்பத்தேழு நிமிடம்

போன மார்ச் பதினேழாம் தேதி, காலை பத்தேகால் மணி தொடங்கி நாற்பத்தேழு நிமிடம் நான் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒருமுறைகூட எழவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு தீயணைப்பு வண்டி போனது. அதன் பின்னால் ஒரு கல்யாண ஊர்வலம். அதற்கும் பின்னால் ஒரு கரடி. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

செர்பியாவில் எங்கள் நீஷ் நகரத்தில் எல்லோரும் இதை நம்பிவிட்டார்கள், கரடி உட்பட. நம்பாதவள் ஒருத்திதான். அந்த நாற்பத்தேழு நிமிடமும் என் எதிரிலேயே இருந்த என் மனைவி தெசாங்கா.

முப்பத்தெட்டு வருடம் நான் தபால்காரன். கால் நடந்துகொண்டே இருந்ததால் தலையில் என்ன கோளாறு என்று யாருக்கும் தெரியவில்லை. கடிதங்கள் பெரும்பாலும் உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. மற்றவை அவர்களைவிட நல்ல வாசகர்களுக்குப் போயின. ஓய்வு பெற்ற முதல் வருடம் மூன்று கடிகாரங்களைப் பிரித்துப் போட்டேன், பால்கனியில் பாதிக்கு வர்ணம் அடித்தேன், கிரேக்க மொழி, துருக்கி மொழி, அக்கார்டியன் வாத்தியம் மூன்றையும் ஒரே காலையில் கற்கத் தொடங்கி மத்தியானத்துக்குள் மூன்றையும் விட்டேன்.

பிப்ரவரி தொடக்கத்தில் தெசாங்கா பயணப் பெட்டியை அலமாரி மேலிருந்து இறக்கினாள்.

"விதோமிர், கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷம். நான் ஆரம்பிச்ச ஒரு பேச்சையாவது நீ முடிவுவரைக்கும் கேட்டிருக்கியா? வ்ரான்யேல என் தங்கச்சி இருக்கா. அவளுக்குக் காது கேட்காது. இருந்தாலும் உன்னைவிட நல்லாக் கேப்பா. ஈஸ்டர் வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் போயிடுவேன்."

அவள் சொன்னதில் ஈஸ்டர் என்ற சொல் வரைக்கும்தான் கேட்டேன். அதற்குள் பெட்டியின் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கப் போய்விட்டேன். ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. மறுநாளே மருத்துவமனைக்குப் போனோம்.

டாக்டர் இசிதோரா சின்னப் பெண். ஏ.டி.எச்.டி. என்றாள், கவனம் ஓரிடத்தில் தங்காத கோளாறு. மாத்திரை என் இதயத்துக்கு ஆகாதாம். அதனால் ஒரு புதுச் சிகிச்சைச் சோதனையில் சேர்த்துக்கொண்டாள். தலையெல்லாம் கம்பி ஒட்டி மூளையின் ஓட்டத்தைப் படித்தார்கள்.

"ஒவ்வொருத்தர் மூளையும் ஒவ்வொரு மாதிரி, ஐயா. உங்களுக்கு எந்த இடத்துல, எவ்வளவு மின்சாரம் வேணும்னு தனியாக் கணக்குப் போட்டிருக்கோம். கத்தி இல்லை, ஊசி இல்லை."

"அளவெடுத்துத் தைக்கிற மாதிரியா?" என்றாள் தெசாங்கா.

"அதேதான், அம்மா."

"நான் தையல்காரி. இந்த ஆளுக்குக் கால்சட்டை அளவெடுக்கவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு."

ஒரு தலைப்பட்டை, இரண்டு பஞ்சு, ஒரு புட்டி உப்புநீர், ஒரு சின்னப் பெட்டி கொடுத்தார்கள். பஞ்சை நனைத்துப் பட்டைக்குள் வைத்துத் தலையில் மாட்டிப் பொத்தானை அழுத்தவேண்டும். தினம் இருபது நிமிடம், ஆறு வாரம். பக்கத்தில் ஒருவர் இருக்கவேண்டும். கைவிளக்குக்கும் போதாத மின்சாரம் என்றாள் டாக்டர். குடியிருப்பில் நான் அப்படிச் சொல்லவில்லை. நான் பொத்தானை அழுத்தினால் லிஃப்ட் நின்றுவிடுகிறது என்றேன். அது எட்டு வருடமாக நின்றுதான் கிடந்தது.

முதல் நாள் ஈரப் பஞ்சைப் பார்த்ததுமே தெசாங்கா ஜன்னல்களை அடைத்தாள்.

"குளிர்காலத்துல ஈரத் தலையா? ப்ரோமாயா அடிச்சா வாய் காதுவரைக்கும் இழுத்துக்கும்."

இரண்டு ஜன்னலுக்கு நடுவே ஓடும் அந்தக் காற்று எங்கள் ஊரில் போர்களைவிட அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது. டாக்டருக்கு வயது போதாது, தெரிந்திருக்காது. தெசாங்கா முடி உலர்த்தும் கருவியை எடுத்துப் பஞ்சு இரண்டையும் ரஸ்க் மாதிரி ஆகும்வரை காயவைத்து என் தலையில் மாட்டினாள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"சிவப்பா எரியுதே?"

"அடுப்புல சிவப்பு எரிஞ்சா சூடாகுதுன்னுதானே அர்த்தம்? பேசாம உட்காரு."

பெட்டி கீச்சிட்டது. அதைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு முடிந்துவிட்டாள். எதிரில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே ஏதாவது பேசினாள். முதல் நாள் நான்காவது நிமிடமே எழுந்துவிட்டேன், பெட்டியும் கூடவே வந்தது. மூன்றாம் வாரம் பத்து நிமிடம் தாக்குப்பிடித்தேன். பதினேழாம் தேதி, இருபதாவது நிமிடத்தில் பெட்டி தானே அணைந்தது. அவள் பேச்சை நிறுத்தவில்லை. நானும் எழவில்லை.

பேசி முடித்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கியிருக்க. ஈஸ்டர் வரைக்கும் எதுக்கு? சனிக்கிழமை வ்ரான்யேக்கு பஸ் இருக்கு."

வெள்ளிக்கிழமை கடைசிப் பரிசோதனை. டாக்டர் திரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"ஐயா, ஆறு வாரமும் உங்க தலைக்குள்ள துளி மின்சாரம் போகலை. பஞ்சு காஞ்சிருக்கு. சிவப்பு விளக்கு எரிஞ்சிருக்குமே?"

நாங்கள் இருவரும் கூரையைப் பார்த்தோம்.

"ஆனா கவனச் சோதனையில உங்க அளவுக்கு யாருக்குமே மதிப்பெண் ஏறலை. இதைப் படிவத்துல எந்தக் கட்டத்துல எழுதறதுன்னே தெரியலை. அம்மா, வீட்டுல ஏதாவது மாற்றம் தெரிஞ்சுதா?"

"ஒண்ணும் இல்லை. உட்கார்ந்திருந்தான். கல்லுகூடத்தான் உட்கார்ந்திருக்கு. அன்னிக்கு நாற்பத்தேழு நிமிஷம் நான் என்ன சொன்னேன்னு அவனையே கேளு."

"எண்பத்தேழு, நவம்பர்," என்றேன். "நோவி சாட் ஊர் நாடக அரங்கத்துலேருந்து உனக்குக் கடிதம் வந்துச்சு, உடை தைக்கிற கூடத்துக்குத் தலைமை ஏற்க வரச்சொல்லி. கொண்டுவந்து கொடுத்தவனே நான்தான். மத்தியானம் பீன்ஸ் சூப் சாப்பிடும்போது சொல்ல ஆரம்பிச்ச. குழாய் சொட்டுதுன்னு நான் எழுந்து போயிட்டேன்."

"அது என் தங்கச்சிக்கும் தெரியும். முடிவுல என்ன சொன்னேன்?"

"நீ போயிருக்கமாட்ட. போகாதேன்னு நான் ஒரு வார்த்தை சொல்லுவேன்னு காத்திருந்த. நான் மூணு மணி நேரம் குழாயோட இருந்தேன். வரலைன்னு நீயே எழுதி ஒட்டிட்ட. மறுநாள் அதையும் என் பையில்தான் போட்ட."

டாக்டரின் பேனா நின்றுவிட்டது. தெசாங்கா கைப்பையைத் திறந்தாள், எதையும் எடுக்காமல் மூடினாள்.

"போகாதே," என்றேன். "நோவி சாடுக்கும் வேண்டாம், வ்ரான்யேக்கும் வேண்டாம்."

"குழாய் இன்னிக்கும் சொட்டுது," என்றாள் என்னிடம். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். "எழுதிக்கோ, பொண்ணே. மின்சாரம் பத்தி எனக்குத் தெரியாது. ஆனா இவரு உட்கார்ந்தாரு. கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டாரு. அது நடந்ததுதான்."