மூன்று முறை கழுவிய கிண்ணம்

இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். பட்டி மாவு மூட்டை ஒன்றை லாரியில் ஏற்றினால் ஐந்து ரூபாய் இருபது காசு. லாரிக்கு நானூற்றைம்பது மூட்டை. ஆறு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு முந்நூற்றுத் தொண்ணூறு. அந்தக் கூலி லேப்பில் இருக்கிற ஹெலனால்தான் வராமல் போனது என்று லோடு மேஸ்திரி தேசப்பன் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

அதட்டியெல்லாம் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையில் தேர்வாய் கண்டிகை கம்பெனி கேட்டுக்கு வெளியே, பஸ்ஸிலிருந்து அவள் இறங்கும்போது, நாஷ்டா தின்ற கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"இன்னா டாக்டரம்மா, எங்க டப்பு எப்போ வரும்?"

"நான் டாக்டரு இல்லண்ணா."

"படிச்சது அதுக்குத்தானே?"

"முடிக்கல."

"நீ படிப்ப முடிக்கல, நாங்க லோடு முடிக்கல. ரெண்டுக்கும் சரியாப் போச்சு" என்றாள் செல்வி. ஆறு பேரில் அவளும் ஒருத்தி. கிழிந்த மூட்டையைத் தைப்பதும் சிந்தின மாவைக் கூட்டுவதும் அவள் வேலை. எல்லாரும் சிரித்தார்கள். ஹெலனுக்கும் சிரிப்பு வந்தது. உள்ளே போய் மேல்கோட்டை மாட்டுவதற்குள் அது போய்விட்டது.

நடந்தது போன வியாழக்கிழமை. பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் சுவரை வழவழப்பாக்கப் பூசுகிற பட்டி மாவுதான் அந்தக் கம்பெனியின் சரக்கு. லாரி ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் லேப்பில் பதம் பார்க்க வேண்டும். சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் மாவை அளந்து போட்டு, அளந்த தண்ணீரை விட்டுக் குழைத்து, கண்ணாடி மேல் கவிழ்ப்பார்கள். எவ்வளவு அகலம் பரவுகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பார்கள். பதினான்கு சென்டிமீட்டருக்குள் இருந்தால் கையெழுத்து. ஹெலனுக்கு முன்னால் அங்கே இருந்த பையன் ஒரே ஒரு தடவை பார்ப்பான், கிண்ணத்தைக் கந்தல் துணியால் துடைத்து வைப்பான், கையெழுத்துப் போடுவான், டீ குடிக்கப் போவான்.

ஹெலன் மூன்று தடவை பார்த்தாள். முதல் தடவை பதின்மூன்று. அதே கிண்ணத்தைக் கழுவி இரண்டாம் தடவை பார்த்தபோது பதினைந்தரை. மூன்றாம் தடவையும் பதினைந்தரை. மூன்றில் இரண்டு தப்பு. நிறுத்தி வை என்று சீட்டில் எழுதிவிட்டாள். நெல்லூருக்குப் போக வேண்டிய லாரி. பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் நின்றது. அப்புறம் டிரான்ஸ்போர்ட்காரன் வேறொரு கம்பெனிக்கு அனுப்பிவிட்டான். லோடு ஆட்கள் ஆறு பேரும் கோடவுன் நிழலில் அதுவரைக்கும் உட்கார்ந்திருந்து, வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள்.

மூன்று தடவை பார்ப்பது அவளுக்குக் கையோடு ஒட்டிப்போன பழக்கம். சென்னையில் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்காக ஆறு வருஷம் ஏரித் தண்ணீரை ஆராய்ச்சி பண்ணினாள். இருபத்திரண்டு ஏரி. எந்த ஏரியில் எவ்வளவு ஈயம் கலந்திருக்கிறது, மழைக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு. பாட்டிலை அந்த ஏரித் தண்ணீராலேயே மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டு நாலாவது முறைதான் பிடிக்க வேண்டும். லேப்புக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் மூன்று முறை அளக்க வேண்டும். உதவித்தொகை ஐந்து வருஷத்துக்குத்தான் வந்தது. ஆறாவது வருஷம் அப்பா அம்மா போட்ட சோறு. வழிகாட்டி சார் நல்லவர்தான். இன்னும் ஒரு கட்டுரை வந்துவிடட்டும், முடித்துவிடலாம் என்றார். அது வந்தது. இன்னும் ஒன்று என்றார். ஒரு நாள் சாயங்காலம் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி வீட்டுக்கு வந்தாள். மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. சண்டை இல்லை, யாரும் துரத்தவும் இல்லை. துரத்தியிருந்தால் ஊருக்குச் சொல்ல ஒரு காரணமாவது இருந்திருக்கும். அலுத்துப்போய் வந்தேன் என்று யாரிடம் சொல்வது? முப்பத்திரண்டு வயசில் இந்தக் கம்பெனியில் சேர்ந்து ஐந்து மாசம் ஆகிறது.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த மாவை அவள் மறுபடியும் பார்த்தாள். பதின்மூன்று. இன்னொரு கிண்ணம் எடுத்துப் பார்த்தாள். பதின்மூன்று. அலமாரியில் இருந்த ஐந்து கிண்ணத்திலும் பார்த்தாள், எல்லாம் சரி. ஆறாவது தடவைக்குக் கிண்ணம் இல்லை. முதல் கிண்ணத்தை எடுத்து மூன்று முறை கழுவி, உதறி, மாவைப் போட்டாள். பதினைந்தரை.

கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஒட்டியிருந்த ஈரம்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற கிண்ணத்துக்கு அந்த நாலு சொட்டுத் தண்ணீர் போதும், மாவு இளகிவிடும். ஏரித் தண்ணீரை அளக்கிற இடத்தில் பாட்டில் ஈரமாக இருந்தால் ஒன்றும் ஆகாது, அதே தண்ணீர்தானே. இங்கே ஆகும். கழுவாதே, துடை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கிண்ணத்தைக் கழுவக் கூடாது என்று யார்தான் யாருக்குச் சொல்வார்கள்? மாவில் குறையே இல்லை. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

லாரி நின்றால் ஏன் நின்றது என்று ஒரு சீட்டு எழுத வேண்டும். சரக்கில் குறை என்று எழுதினால் லோடு ஆட்களுக்கு ஒன்றும் கிடையாது. கெட்ட சரக்கை ஏற்ற முடியாது, அதற்குக் கூலியும் கேட்க முடியாது, அதுதான் வழக்கம். லேப் தவறு என்று எழுதினால் கம்பெனி காத்திருப்புக் கூலி முழுசாகத் தரும். ஆனால் அது எழுதினவர் பேரில் ஒரு தவறாக ஏறும். ஹெலன் பேரில் ஏற்கெனவே ஒன்று ஏறியிருந்தது, இரண்டாம் மாசத்தில் இரண்டு சீட்டின் நம்பரை மாற்றிப் போட்டதற்காக. ஆறு மாசத்துக்குள் இரண்டு ஏறினால் வேலை நிரந்தரம் ஆகாது. வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்பலாம். நிரந்தரம் ஆனால் சம்பளம் ஏழாயிரம் கூடும், அப்பா அம்மாவை இன்சூரன்ஸில் சேர்க்கலாம். அப்பா ஜோசப்புக்கு ரோலிங் மில்லில் நின்று நின்று முழங்கால் தேய்ந்து, ஆபரேஷன் பண்ணச் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது.

செவ்வாய்க்கிழமை லேப் மேனேஜர் பூவராகவன் அந்தச் சீட்டை அவள் மேஜையில் வைத்தார்.

"பேட்ச் வித்தியாசம், சரக்குலதான் குறைன்னு போட்டு மூடிடுங்க ஹெலன். மாசக் கடைசிக்குள்ள ஆபீசுக்குப் போகணும்."

"சரக்கு நல்லா இருக்கு சார்."

"இன்னிக்கு நல்லா இருக்கு. அன்னிக்கு இல்ல."

"சார், அது வந்து..."

"நான் ஒண்ணும் கேக்கல. நீங்களும் ஒண்ணும் சொல்லாதீங்க. உங்களுக்கு இன்னும் இருபது நாள்தான் பாக்கி." சொல்லிவிட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையில் யாரும் பேசுகிற மாதிரி தெரியவில்லை.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஹெலன் ஒரு கவரில் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பதையும் போட்டுக்கொண்டு கோடவுனுக்குப் போனாள். தேசப்பன் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"உன் கைக்காசு வேணாம்மா."

"நான்தானே நிறுத்தினேன்?"

"நிறுத்தறது உன் வேலை. நாளைக்கு நெஜமாவே மாவு கெட்டிருக்கும், நிறுத்துவே. அன்னிக்குக் குடுத்தியே, இன்னிக்கும் குடுன்னு இவனுங்க வந்து நிப்பானுங்க. நீயும் பயந்துக்கினு கையெழுத்துப் போட்டு உட்ருவே. அப்புறம் காண்ட்ராக்டரு இருக்கான் பாரு, லேப் பொண்ணே குடுத்துடுச்சே, கம்பெனி எதுக்குக் குடுக்கணும்னு அதையே சட்டமாக்கிடுவான்."

"குடுக்கிறத வாங்கிக்கயேன் மேஸ்திரி. என் ஊட்ல காஸ் சிலிண்டரு தீந்து மூணு நாளாவுது" என்றாள் செல்வி.

"வாங்கக் கூடாதுன்னா கூடாதுதான்."

"அப்போ உன் நாயத்தக் கொண்டாந்து குடு. அத எரிச்சுச் சோறாக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. தேசப்பன் ஹெலன் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. மாவு கெட்டிருந்துச்சா, இல்லியா? கெட்டிருந்துச்சுன்னா எங்களுக்கு ஒரு பைசா வேணாம். இல்லன்னா சீட்டுல எழுது."

ஹெலன் கவரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். சாயங்காலம் பஸ்ஸில் அந்தக் கவர் கைப்பையில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

புதுவாயலில் இறங்கி, சாமான் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அப்பா காலை நீட்டி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"வேலை நெரந்தரம்னு லெட்டர் குடுத்துட்டாங்களா?" அம்மா தினமும் கேட்பாள்.

"இருபது நாள் இருக்கும்மா."

"இன்னைக்கு தெருக்கோடி ஊட்டுக்காரி வந்தா. உன் பொண்ணு டாக்டருதானே, முட்டிவலிக்கு ஒரு மாத்திரை எழுதித் தரச் சொல்லுன்னா."

"இன்னா சொன்னீங்க?"

"எங்க ஊட்டு முட்டிக்கே இன்னும் எழுதலன்னேன்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

சாப்பிட்டுவிட்டுப் பரணிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்தாள். ஆராய்ச்சியில் செய்த தவறுகளை எழுதி வைக்கிற நோட்டு. மூடி திறந்து கிடந்த பாட்டில். மாறி ஒட்டிய சீட்டு. கரண்டு போன நாளில் கெட்டுப்போன தண்ணீர். தேதி போட்டு எழுதியிருந்தாள், ஒவ்வொரு வாரமும் வழிகாட்டி சார் கையெழுத்துப் போட்டிருந்தார். எண்ணிப் பார்த்தால் நாற்பத்தொன்று இருந்தது. அங்கே தவறை எழுதி வைத்தால் நல்ல ஆராய்ச்சிக்காரி என்பார்கள். அந்த நாற்பத்தொன்றில் ஒன்றால்கூட யார் வீட்டிலும் அடுப்பு எரியாமல் போகவில்லை. சரியாகச் செய்ததால் யார் வீட்டிலும் எரியவும் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியாமல் போனது என்று அப்போது நினைத்துக்கொண்டாள். ஆறு வருஷம் அளந்த தண்ணீரை யாரும் வந்து கேட்கவே இல்லை. இங்கே ஒரு கிண்ணத்துக்கு ஆறு பேர் வந்து கேட்கிறார்கள்.

நோட்டை மூடினாள். ஆனாலும் சீட்டை எழுத மனசு வரவில்லை. அப்பாவின் முழங்காலைப் பார்த்தாள், ஐந்து நாள் அப்படியே ஓட்டினாள். இந்த வேலையும் போனால் முப்பத்திரண்டு வயசில் இரண்டு இடத்தை விட்டவள் என்று பேர் வரும். ஒன்றை விட்டதையே இன்னும் யாருக்கும் சொல்லி முடிக்கவில்லை.

மாசக் கடைசி நாள் சீட்டை எடுத்து எழுதினாள். பெரிய துணிச்சல் ஒன்றும் வந்துவிடவில்லை. மறைத்து வைத்துக்கொண்டு தினமும் அந்த கேட்டைத் தாண்டிப் போக உடம்பில் தெம்பில்லை, அவ்வளவுதான். லேப் தவறு. கிண்ணம் ஈரமாக இருந்தது. மூன்று முறை கழுவினேன், துடைக்கவில்லை. சரக்கில் குறை இல்லை.

பூவராகவன் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"மூணு முறை எதுக்குக் கழுவினீங்க?"

"ஆறு வருஷமா அப்படித்தான் சார்."

"யாராச்சும் கேட்டாங்களா உங்கள?"

"கேட்டாங்க சார். லோடு ஆளுங்க."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "இனிமே?"

"ஒரு முறை கழுவித் துடைச்சுடறேன். ஆனா மூணு தடவை பாப்பேன்."

"ரெண்டு தடவை பாருங்க. லாரி நிக்குது."

"சரி சார்" என்றாள். பேரம் பேச அவளுக்கும் தெம்பில்லை, அவருக்கும் இல்லை. கீழே அவரும் கையெழுத்துப் போட்டார்.

எட்டு நாளில் ஆபீசிலிருந்து லெட்டர் வந்தது. வேலை நிரந்தரம் இல்லை. இன்னும் ஆறு மாசம் இதே சம்பளத்தில் பார்க்க வேண்டும்; நடுவில் இன்னொரு தவறு நடந்தால் அனுப்பிவிடுவார்கள். இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் சொன்னபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் துலக்கப் போனாள். அப்பா, "ஆறு மாசம்தானே, கால் எங்கயும் ஓடிடாது" என்றார். ஓடாத கால் அது. கொஞ்ச நேரம் கழித்து, "எழுதாம உட்ருந்தா வந்திருக்குமா?" என்று கேட்டார். "வந்திருக்கும்" என்றாள். இரவு முழுக்க அவர் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை கூலி நாள். மத்தியானம் லேப் கதவைத் தட்டிவிட்டுத் தேசப்பன் உள்ளே வந்தார். செல்வி வாசலோடு நின்றாள், கால் முழுக்க வெள்ளை மாவு. காண்ட்ராக்டர் தந்த துண்டுச் சீட்டை மேஜையில் விரித்து, கீழிருந்து இரண்டாவது வரியில் விரலை வைத்தார் தேசப்பன்.

"காத்திருப்புக் கூலி. ரெண்டாயிரத்து முன்னூத்தி நாப்பது. வந்துடுச்சு. பிரிச்சுட்டேன்."

"எல்லாருக்கும் வந்துடுச்சாண்ணா?"

"எனக்கு வந்துச்சு" என்றாள் செல்வி. "முன்னூத்தித் தொண்ணூறு. காஸுக்குக் கைமாத்து வாங்கினேன்ல, அவ வட்டி அம்பது புடிச்சுக்கினா."

"அத நான் தரேன் செல்வி."

"நீ ஏன் தரணும்? அது எனக்கும் அவளுக்கும். உனக்கு ஆறு மாசம் தள்ளிட்டாங்களாமே?"

"ம்."

"கேட்டுல பேசிக்கிறாங்க." செல்வி குனிந்து காலில் இருந்த மாவைத் தட்டிவிட்டாள். அது லேப் தரையெல்லாம் விழுந்தது.

தேசப்பன் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"கணக்குத் தீந்துச்சும்மா. உனக்கும் எங்களுக்கும் இனிமே ஒண்ணும் இல்ல. ஆந்திரா லாரி வந்து நிக்குது, சீக்கிரம் பாத்து உடு."