தளை பட்ட இடம்

கணுக்காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்ததும் ஈ முதலில் வந்தது. புண்ணுக்குக் கட்டுப்போடுகிற டிரெசர் வேதநாயகம் பிறகுதான் வந்தார். மிஷன் ஆஸ்பத்திரி என்றாலே எனக்கு நம்பிக்கை கிடையாது. என் பெண்டாட்டி சாலோமி அழுது அடம்பிடித்துக் கூட்டிவந்திருந்தாள்.

"என்னத்த வே தடவினீரு?"

"சுண்ணாம்பு."

"காலைக் கலயம்னு நெனச்சீராக்கும்?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கலயத்துக்குள் சுண்ணாம்பு பூசினால் பதநீர் புளிக்காமல் நிற்கிறது. புண்ணும் அப்படி நிற்கட்டும் என்று பூசினேன். பனையேறுகிறவன் எவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். சுண்ணாம்பு சதையைத் தின்று குழியாக்கிவிட்டது.

தில்லியில் ராஜாவுக்கு முடிசூட்டினார்களே, அதற்கடுத்த கோடை அது. ஏறும்போது இரண்டு பாதத்தையும் சேர்த்துத் தளைநார் மாட்டுவோம். அது உரசுகிற இடத்தில்தான் புண். ஏறினால் பிளக்கும், இறங்கினால் ஒழுகும். ஆறுவதும் இல்லை, ஆளைக் கொல்வதும் இல்லை. வீட்டில் இன்னொரு ஆளைப்போல உட்கார்ந்து சாப்பிட்டது. எண்ணெய்க்கும் பச்சிலைக்காரனுக்கும் ஆடு போயிற்று. பிறகு சாலோமியின் பாம்படம் போயிற்று. தொங்குகிற அந்த வெறுங்காதைப் பார்க்காமல் கஞ்சி குடிக்கப் பழகிக்கொண்டேன்.

"ஆடி முடியுற வரைக்கும் மரம் ஏறப்படாது. காலைத் தூக்கி வச்சுப் படுத்துக் கிடக்கணும். ஏறினீருன்னா முழங்காலோட எடுக்க வேண்டியதுதான்" என்றார் வேதநாயகம்.

ஆடியோடு பதநீர்க் காலமே முடிந்துவிடும். பதநீர் ஊறும் பாளையைக் காலையும் மாலையும் மெல்லிசாகச் சீவ வேண்டும்; தடித்துச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். சில நாள் விட்டால் வாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் அந்த வருஷத்துக்கு அந்த மரம் வெறும் நிழல்தான்.

வண்டியில் திரும்பும்போது சாலோமி, "முத்துமாலைகிட்ட சொல்லட்டுமா?" என்றாள். முத்துமாலை பக்கத்துப் பனைவிளையில் ஏறுகிறவன், இளவட்டம்.

"வேண்டாம். இந்த வருஷம் அவன் ஏறுவான். அடுத்த வருஷம் மரத்துக்காரரு அவனுக்கே மரத்தைக் குடுப்பாரு. நொண்டிக்கு எவன் குடுப்பான்?"

"காலே இல்லாதவனுக்குக் குடுப்பாராக்கும்?"

நான் மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் விடிகாலையில் அரிவாள்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு விளைக்குப் போனேன். என் முதல் மரத்தில் பாதிக்கு மேலே ஒரு முதுகு தெரிந்தது. கீழே சாலோமி கருப்பட்டி அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏலே முத்துமாலை, எவன் சொல்லி எம்மரத்துல ஏறுத?"

"மதினி சொல்லித்தான் ஏறுதேன், அண்ணாச்சி. ஆவலாதி இருந்தா மேல வந்து புடிச்சு இறக்கும்!"

சாலோமி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"சும்மா ஏற நீ என்ன கோட்டியா? பங்கு என்னலே?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் பதனி எனக்கு. ஒம்ம பங்குல கேக்காம ஒரு சொட்டு எடுக்க மாட்டேன்."

நியாயமான பங்குதான். அதுதான் எனக்குச் சந்தேகம்.

"அடுத்த வருஷம்?"

பாளை சீவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சாலோமி கயிற்றுக் கட்டிலை இழுத்துவந்து மரத்தடியில் போட்டாள். என் இடுப்பிலிருந்த பெட்டியை அவிழ்த்தாள். கட்டுப்போட்ட காலைத் தூக்கி ஒரு சாக்கின் மேல் வைத்தாள். வெயில் பைய ஏறிக்கொண்டிருந்தது. மேலிருந்து பாளைச் சீவல் ஒன்று சுழன்று சுழன்று வந்து என் மடியில் விழுந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அவ்வளவு மெல்லிசு. அதன் வழியே என் விரல் தெரிந்தது.