என்ன டீ?

"காலையில என்ன குடிப்பீங்க?" என்று கேட்டார் டாக்டர். விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை ஏறக்குறைய முடிந்துவிட்டது. நெஞ்சு சுத்தம், ரத்தமும் சுத்தம். அந்தத் தெம்பில் "டீ" என்றேன். ஜமைக்காவில் பிறந்தவனுக்குச் சூடாக எதைக் குடித்தாலும் டீதான். காபியும் டீ, மீன் சாறும் டீ. அவரும் எங்கள் ஊர்க்காரர், அதனால் விடவில்லை. "என்ன டீ?"

"கஞ்சா இலை டீ. முட்டி வலிக்கு, தினமும்."

பேனா நின்றது.

"இப்பதான் குத்தமில்லையே டாக்டர்? வீட்டுக்கு அஞ்சு செடி வச்சுக்கலாமே?"

"இங்க குத்தமில்ல ஐயா. நீங்க கேக்குறது அமெரிக்கா விசா. ஒரு வருஷம் தொடாம இருந்துட்டு மறுபடி வாங்க."

கிங்ஸ்டனிலிருந்து போர்ட் அன்டோனியோவில் வீடு வந்து சேரும்வரை என் வாயை நானே திட்டிக்கொண்டு வந்தேன். என் மனைவி மெர்லீன் அமெரிக்காவில், கனெக்டிகட்டில் யாரோ ஒரு கிழவருக்குச் சோறூட்டிக் குளிப்பாட்டும் வேலையில் இருக்கிறாள். போய் ஆறு வருடமாகிறது. இப்போதுதான் எனக்கும் வழி திறந்தது. போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"காபின்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாய்யா?"

"குடிக்காத காபியை எப்படிடீ சொல்றது?"

சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "உனக்குக் குளிர் கோட்டு வாங்கி மாட்டி வச்சிருக்கேன். தினமும் அதைத்தான் பாத்துட்டிருக்கேன்." பிறகு, "செடியெல்லாம் பிடுங்கிடு எகர்ட்டன்" என்றாள். சட்டம் மாறிய வாரம் அவளே ஆசையாக நட்ட செடிகளின் விதையில் வந்தவை.

மறுநாள் பிடுங்கிக்கொண்டிருந்தபோது கான்ஸ்டபிள் ஹெட்லி வேலியோரம் வந்து நின்றான். அவன் அம்மாவின் சளிக்கு இலை வாங்க வாராவாரம் வருவான்.

"என்ன பெருசு, சட்டமே விட்டுருச்சு, நீ ஏன் பிடுங்குற?"

"சட்டம் விட்டுருச்சுடா. விசா விடல."

கதையைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றினான். "நான் எடுத்துக்கட்டுமா?" என்று தயங்கிக் கேட்டான். ஒரு காலத்தில் என் செடிகளைச் சாட்சிப் பொருளாக இதே தோளில் சுமந்து, என்னை முன்னால் நடக்கவிட்டு ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனவன்தான். அன்று மெர்லீன் செருப்புகூடப் போடாமல், அவனை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள். இன்று அவன் தோளில் செடிகள் மட்டும் போயின. அவள் இல்லாத வீடு இன்றைக்குத்தான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் காலை வீடியோவில் வந்தாள்.

"என்னய்யா பண்றே?"

"டீ குடிக்கிறேன்."

அவள் முகத்தைத் திரைக்கு நெருக்கினாள். பிறகு மெல்ல, அந்த டாக்டரைப் போலவே கேட்டாள். "என்ன டீ?"

"சர்க்கரைத் தண்ணி டீ."

"காட்டு."

கப்பைப் போனுக்கு அருகே கொண்டுபோய்ச் சாய்த்தேன். திரையில் ஆவி படிந்து அவள் முகம் மங்கியது. அவள் பார்த்து முடிக்கட்டும் என்று, துடைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.