இலக்குத் திருத்தம்

எங்கள் குடியிருப்பின் கடைசி வீடு இருந்த இடத்தை விட்டு அசையாமலேயே ஐயாயிரத்து எண்ணூற்று ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று. பக்கத்து வீட்டு கேட்டருகே நின்றால் இப்போதும் பார்க்கலாம். பச்சைக் கதவு, கொடியில் இரண்டு துண்டு, ஜன்னலுக்குப் பின்னால் தையல் மெஷின், எல்லாம் அப்படியே இருக்கின்றன. கல்லெறி தூரம்தான் என்று தோன்றும். நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அது மில்லியின் வீடு. மில்லி என்பது பட்டப்பெயர். மனிதர் மேட்டில் இருக்கும் லேசர் நிலையத்தில் வேலை பார்க்கிறார். அங்கே தொலைநோக்கி வழியாகச் செயற்கைக்கோள்களின் மேல் லேசர் அடிப்பார்கள்; கோளில் பதித்திருக்கும் கண்ணாடிகளில் பட்டு வெளிச்சம் திரும்பி வரும். போய்வந்த நேரத்திலிருந்து தூரம் கிடைக்கும். அதை வைத்து, பூமியில் எந்த நிலம் எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று கண்டுபிடிப்பார்கள். இந்த வேலையில் இருபது வருஷம் ஊறியவர், மனைவி காபி டம்ளரை மேசையில் வைத்தால்கூட, “ரெண்டு மில்லி உள்ள தள்ளி வை” என்பார். மனைவி தையல்காரி. கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். “வந்துட்டாரு அளக்கறதுக்கு” என்று சொல்லிக்கொண்டே தள்ளி வைப்பார்.

ஒவ்வொரு கோளையும் அளப்பதற்கு முன்னும் பின்னும், கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தூரம் ஏற்கெனவே தெரிந்த ஒரு கண்ணாடியைச் சுட்டுப் பார்ப்பது அவர்கள் வழக்கம். இலக்கு என்பார்கள். நிலையத்திலிருந்து மறைப்பில்லாமல் தெரிகிறது என்று அந்தக் கண்ணாடியை மில்லி வீட்டு மொட்டை மாடிச் சுவரில் பதித்திருந்தார்கள். தூரம் 412.637 மீட்டர். கல்யாண நாளை மறந்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார் மில்லி. இந்த எண்ணை ஒருநாளும் மறந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை அது இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக வந்தது. சுவர் வெயிலில் விரிந்திருக்கும் என்று நினைத்தார். இதற்கென்றே கணினியில் ‘இலக்குத் திருத்தம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இரண்டு என்று போட்டுக் கழித்தார். கோள்களின் கணக்கு சுத்தமாக வந்தது. அடுத்த மாதம் நான்கு, அதற்கடுத்த மாதம் எட்டு. மாதா மாதம் இரட்டித்தது, அவரும் மாதா மாதம் கழித்தார். அந்த வருஷம் அளவுகளில் பிசிறே இல்லை என்று நிலையத்துக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

வீட்டிலோ தையல்காரி பத்தாம் மாதமே சொல்லிவிட்டார். “நம்ம கேட்டுக்கும் பக்கத்து கேட்டுக்கும் நடுவுல தெரு நீளுதுங்க. நானே டேப் வெச்சுப் பார்த்தேன்.”

“துணி டேப்பு இழுத்தா நீளும்,” என்றார் மில்லி.

பன்னிரண்டாம் மாதம் எட்டு மீட்டர் ஆயிற்று. பதின்மூன்றாம் மாதம் பதினாறு வந்தபோதுதான் மாட்டிக்கொண்டார். அந்தக் கட்டத்தில் 9.999க்கு மேல் எண் ஏறாது. நிலையத் தலைவர் வந்து, ஒரு வருஷத்துக் கழித்தலையும் திரையில் மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு இருவரும் தெருவுக்கு இறங்கி நடந்து பார்த்தார்கள். கண்ணுக்கு வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது. காலுக்குப் பதினாறு மீட்டர் கூடுதலாக இருந்தது.

அன்றே தையல்காரி பெட்டியைக் கட்டினார். வேறு வீடு பார்த்துப் போய்விடலாம் என்றார். நியாயமான பேச்சுதான், யாராக இருந்தாலும் கிளம்பியிருப்பார்கள். ஆனால் பத்தொன்பது வருஷ அளவு அந்தக் கண்ணாடியை நம்பி நிற்கிறது. ஏன் விலகுகிறது என்று தெரிவதற்குள் வீட்டில் ஒரு செங்கல்கூட மாறக் கூடாது, ஆள் நடமாட்டம் உட்பட எல்லாம் அப்படியே இருக்க வேண்டும், அதுதான் முறை. மில்லி மனைவியிடம் அதை அப்படியே சொன்னார்.

“கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. காரணம் தெரியற வரைக்கும் இலக்குல எதையும் மாத்தக் கூடாது.”

“நான் இலக்கு இல்லீங்க,” என்றார் தையல்காரி.

இருந்தாலும் பெட்டியை அவிழ்த்தார். அவிழ்த்த கையோடு அரிசியும் பருப்பும் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கினார். மில்லியின் எண்களை அந்தக் குடியிருப்பில் உள்ளபடி நம்பியது அவர் ஒருவர்தான். பதினெட்டாம் மாதம் வீடு அரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்தது. பால்காரர் நின்றுவிட்டார். இருபத்திரண்டாம் மாதம் எட்டுக் கிலோமீட்டர். மில்லி சைக்கிளில் போய் வந்தார். தெருமுனையில் நின்று கூப்பிட்டால், மனைவி உடனே திரும்பிப் பார்க்க மாட்டார். சத்தம் போய்ச் சேர இருபத்தைந்து நொடி, பதில் வர இன்னொரு இருபத்தைந்து. காரணம் மட்டும் கிடைக்கவே இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலை மில்லிக்கே பொறுக்கவில்லை. “போதும். நான் போய் நிலையத்துச் சாவியைக் குடுத்துட்டு, வண்டி எடுத்துட்டு வர்றேன். சாயங்காலம் கிளம்பிடலாம்,” என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. மாதத்துக்கு இரு மடங்கு என்று அதுவரை ஒழுங்காகப் போன வீடு, அன்று பகலில் மட்டும் ஐயாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் போய் நின்றது. மாதக் கணக்கில்தான் போகும் என்று அது யாரிடமும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை.

மூன்று மணிக்கு வண்டியோடு வந்த மில்லி, இருந்த கொஞ்ச எண்ணெய் தீரும்வரை அந்தத் தெருவில் ஓட்டினார். வாசலில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த மனைவி ஒரு துளியும் பெரிதாகவில்லை. வண்டியை விட்டிறங்கி நடந்தார். பிறகு நடுத்தெருவில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். தையல்காரி எழுந்து நின்று ஏதோ கத்துவது தெரிந்தது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் கழித்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரைத் தூக்கி வந்து தின்பதற்கு ஏதோ கொடுத்துக்கொண்டிருந்தபோது, குரல் வந்து சேர்ந்தது. “வெயில்ல உட்காராதீங்க.”

நடுவில் எண்ணெயோ தண்ணீரோ கிடைக்காத அந்தத் தெருவை எந்த வண்டியாலும் கடக்க முடியாது. அதற்குப் பிறகு அவர் நிலையத்திலேயே தங்கினார். காலையில் தெருவுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்வார். பதில் சாயங்காலம் கிடைக்கும். காலை மெஷின் ஓட்டம் பிற்பகலில் கேட்கும். பார்வைக்கு மட்டும் தாமதமில்லை. தினம் பத்து மணிக்கு அந்தக் கண்ணாடியைச் சுடுவார். தையல்காரி மாடியேறி அதைத் துடைத்து வைத்திருப்பார். தூசி படிந்தால் வெளிச்சம் திரும்பாது.

அடுத்த வருஷம் ஒரு நாள் தையல்காரி மெஷினிலேயே தலை சாய்த்துப் படுத்ததைத் தொலைநோக்கியில் பார்த்தார். பிறகு மனைவி தடுமாறி எழுந்து ஜன்னலைச் சாத்தினார். காய்ச்சல்தான், வேறென்ன. மில்லி மாத்திரைப் பட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார். பக்கத்து கேட் வரை ஓடினார், அதற்கு மேல் ஓடி என்ன செய்வது. ஜன்னல் மூடியிருந்தது, ஆனால் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. காலையில் தைத்த சத்தம். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டபடி நின்றார். நான்கே முக்கால் மணி நேரம் கழித்து அது நடுத்தையலில் நின்றது.

மூன்று நாள் கொடியில் துண்டு மாறவில்லை. மூன்று நாளும் பத்து மணிக்குச் சுட்டார். முதல் நாள் ஆயிரம் முறை சுட்டதில் முப்பது முறை வெளிச்சம் திரும்பியது, மறுநாள் ஒன்பது, அதற்கு மறுநாள் ஒன்றுமில்லை. தலைவரும் பக்கத்தில் வந்து நின்றார். நான்காம் நாள் சுட்டபோது நாற்பது திரும்பியது. மில்லி நம்பாமல் மறுபடி சுட்டார், நாற்பத்திரண்டு. யாரோ துடைத்திருக்கிறார்கள், அந்த வீட்டில் இருப்பது ஒரே ஆள்.

அவர் தெருவுக்கு ஓடி, மூச்சு வாங்கியபடி, இரண்டு வருஷமாகத் தொண்டையில் நின்றதைக் கத்தினார். “நீ சொன்ன அன்னிக்கே கிளம்பியிருக்கணும். என் தப்புதான்.”

பிறகு கேட்டருகே உட்கார்ந்து காத்திருந்தார். மத்தியானம் தாண்டி அவருடைய கத்தல் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், ஜன்னல் திறந்தது. மெலிந்துபோன தையல்காரி வெகுநேரம் அவரையே பார்த்தார், உதடு அசைந்தது, கை கழுத்துப் பக்கம் போனது. என்ன சொன்னார் என்று இன்னும் ஐந்து மணி நேரத்துக்குத் தெரியாது. மில்லி அசையவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தது.

“சட்டையில மேல் பட்டன் போயிருக்கு. யார்கிட்டயாவது குடுத்துத் தைச்சுக்கோங்க.”

இப்போது நிலையத்தின் தினசரிப் பட்டியலில் அந்த வீடு கோள்களோடு சேர்ந்து ஒன்பதாவதாக இருக்கிறது. பத்து மணிக்கு அதன் முறை. திருத்தம் என்ற கட்டத்தில் மில்லி சுழியம் போடுகிறார். தூரம் கூடவுமில்லை, குறையவுமில்லை. மேல் பட்டன் இல்லாத அந்தச் சட்டையைத்தான் இன்னும் போட்டுக்கொண்டு திரிகிறார், யாரிடமும் தைக்கக் கொடுக்கவில்லை.