கைக்கும் நாக்குக்கும் நடுவே

பார்க்கின்சன் நோய்க்காக மூளையில் கம்பி வைத்த பிறகு, என் கணவரின் கைநடுக்கம் ஒரு ரிமோட்டுக்குக் கட்டுப்பட்டது. மின்சாரத்தைக் கூட்டினால் கை நிற்கும், நாக்கு குழறும். குறைத்தால் பேச்சு தெளியும், கை ஆடும். டாக்டர் விட்ட எல்லைக்குள் அவரே மாற்றிக்கொள்வார்.

மகள் போன் செய்தால் குறைப்பார். என்னோடு சாப்பிட உட்கார்ந்தால் கூட்டுவார். யாரும் ஊட்டிவிடக் கூடாது என்ற வீம்பு. மகளுக்குப் பேச்சு, எனக்கு முணுமுணுப்பு. பற்றிக்கொண்டு வரும்.

இன்று சாப்பிடும்போது அவர் கை ஆடி, கரண்டி தட்டில் தாளம் போட்டது.

“பேட்டரி தீந்துடுச்சா? டாக்டருக்குப் போன் போடறேன்,” என்று எழுந்தேன்.

“உக்காரு. நான்தான் குறைச்சேன்,” என்றார் தெளிவாக. “உன்கிட்ட பேசணும்.”

கரண்டியை வாங்கிக்கொண்டேன்.

“வாயில சாப்பாடு இருந்தாலும் பரவாயில்ல. பேசுங்க.”