கையில் கொடுக்காத ஜெட்

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியது என்று சொன்னால் அது பொய். பசறை பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள ஒரு கராஜில் என் மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நான் எழுதுகிறவன் என்று யாரோ அந்த மெக்கானிக்கின் காதில் போட்டிருக்கிறார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் அமர்ந்தார். "ஒன்னு சொல்றேன், எழுதுவீங்களா?" என்று கேட்டார். கரும்பு தின்னக் கூலியா என்று நானும் தலையாட்டிவிட்டேன். அவர் சொல்லி முடித்தபோது ஏன் ஆட்டினோம் என்றிருந்தது.

அவருக்கு அற்புதராஜ் என்று பெயர் வைக்கிறேன்.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: 'மலையின் மெல்லிய காற்றில் மனிதர்களும் இயந்திரங்களும் ஒரே மாதிரித்தான்…'

அடித்துவிட்டேன். ஒருவன் செத்துப்போன கதையில் காற்றுக்கு எதற்குப் பவுடர் பூசவேண்டும்?

இரண்டாவது தொடக்கம்: 'ஜெட் என்பது காபரேட்டருக்குள் இருக்கும் சின்னப் பித்தளைத் துண்டு. நடுவில் ஊசி நுழையும் துளை. என்ஜினுக்கு எவ்வளவு பெற்றோல் போகவேண்டும் என்பதை அந்தத் துளைதான் முடிவு செய்கிறது.'

இது இருக்கட்டும். கூடவே இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். உயரத்தில் காற்று குறைவு. பெற்றோல் மட்டும் குறையாமல் போனால் என்ஜின் மூச்சு முட்டிப் புகைக்கும். அதனால் மேலே இருப்பவர்களுக்குச் சின்னத் துளை ஜெட். அதே ஜெட்டோடு பைக் பள்ளத்துக்கு இறங்கினால் காற்று கூடும், பெற்றோல் போதாது, என்ஜின் கொதிக்கும். பாடம் அவ்வளவுதான்.

3.

கிருஷ்ணராஜ் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயவீட்டில் இருப்பவன். பழைய டூ ஸ்ட்ரோக் பைக் ஒன்றைக் கொண்டுவந்தான். ஏற்றத்தில் இழுக்கவில்லை, புகை தள்ளுகிறது என்றான்.

"எங்க ஓட்டுறது?" யார் வந்தாலும் அற்புதராஜின் முதல் கேள்வி அதுதான்.

"வேற எங்கண்ணே, லயத்துக்கும் கடைக்கும்தான்."

சின்ன ஜெட்டை மாட்டினார். ஏற்றத்தில் தானே ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டார். கழற்றிய பெரிய ஜெட்டைக் கடதாசியில் சுற்றி, பெயரெழுதி, வந்தவரின் உள்ளங்கையில் வைப்பது அவர் வழக்கம். வைக்கும்போதே, "கீழ பிபிலைப் பக்கம் எறங்குனா இத மாட்டாம போகாதீங்க" என்பார். கொடுப்பதும் சொல்வதும் அவருக்கு இரண்டு வேலையல்ல.

நான்கு மாதம் கழித்து கிருஷ்ணராஜ் மேசன் வேலை தேடி மஹியங்கனைப் பக்கம் இறங்கினான். பிபிலை தாண்டியதும் ரோடு நேராகக் கிடந்தது. மடுல்சீமையில் அப்படி முறுக்கி ஓட்ட அவனுக்கு எங்கே இடமிருந்தது? காலை பத்து மணி. வளைவில்லை, எதிரே வாகனமில்லை. விழுந்தான். தலையில் அடி. அங்கேயே முடிந்துவிட்டது.

(இந்த இடத்தில் மழை பெய்ததாக எழுதியிருந்தேன். அன்று நல்ல வெயில்.)

4.

அவன் மனைவி விஜயலெட்சுமி பைக்கை லொறியொன்றில் ஏற்றிக்கொண்டு கராஜுக்கு வந்தாள்.

"சரி பண்ணி யாருக்காவது குடுத்துருங்கண்ணே. வீட்டுல இதப் பாக்க முடியல."

"ஆகட்டும் தங்கச்சி."

அவள் போகவில்லை. லொறிக்காரன் ஹோர்ன் அடித்தும் போகவில்லை.

"என் தலையில கை வச்சு சத்தியம் பண்ணுனாரு, இனி குடிக்க மாட்டேன்னு. மூனு மாசம் தொடல. வேலை தேடிப் போன அன்னிக்கே குடிச்சிருக்காரு. இல்லாட்டி நேர் ரோட்டுல ஒருத்தன் தன்னால விழுவானா? தோட்டமே சொல்லுது. பொய் சத்தியம் பண்ணுனவருக்கு நான் வெளக்கு வைக்கலண்ணே. படத்தைத் துணியில சுத்திப் பெட்டிக்குள்ள போட்டுட்டேன்."

அவள் போனபின் அற்புதராஜ் என்ஜினைப் பிரித்தார். பிஸ்டன் சூட்டில் உருகி சிலிண்டரோடு ஒட்டியிருந்தது. பிஸ்டன் பிடித்தால் பின் சக்கரம் அப்படியே நின்றுவிடும். கோயில் குருக்களே ஓட்டியிருந்தாலும் விழுந்திருப்பார்.

காபரேட்டரைத் திறந்தார். அவர் மாட்டிய அதே சின்ன ஜெட்.

கிருஷ்ணராஜிடம் அன்று சொன்னோமா? சொல்லியிருப்போம், எல்லாருக்கும் சொல்கிறோமே. அப்படி நினைத்துக்கொண்டுதான் பழைய ஜெட்டுகள் கிடக்கும் பிஸ்கட் டின்னைக் கொட்டினார். அடியில் ஒரு கடதாசிச் சுருள். மேலே அவர் கையெழுத்தில் 'கிருஷ்ணராஜ்'.

கையில் கொடுக்கவில்லை. அப்படியென்றால் சொல்லவுமில்லை.

5.

இனி என் கஷ்டம். முதல் பிரதியில் அந்த டின்னை நான் எழுதவில்லை. அற்புதராஜ் எச்சரித்தார், கிருஷ்ணராஜ்தான் மறந்தான் என்று வைத்தேன். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும். ஆனால் செத்தவன் வாய் திறக்கமாட்டான் என்பதற்காக பழியை அவன் தலையில் கட்டுவதா? வெட்கமாக இருந்தது. கிழித்துப் போட்டேன்.

அவரிடமே கேட்டேன்.

"அந்தத் தங்கச்சிக்கிட்ட சொன்னீங்களா?"

"ரெண்டு ஞாயிறு மடுல்சீமை பஸ் ஏறுனேன். ரெண்டு தடவையும் பாதியில எறங்கிட்டேன்."

"பிறகு?"

"நீங்க எழுதிட்டீங்கன்னா நான் சொன்ன மாதிரிதானே?"

எனக்குக் கோபம் வந்தது. உடனே அது அடங்கியும் போனது. மற்றவன் வாயால் சொல்லித் தப்பிப்பது என் தொழிலும்தானே.

6.

முடிவுகள்.

ஒன்று: அற்புதராஜ் போய்ச் சொல்கிறார். விஜயலெட்சுமி அவரை அடிக்கிறாள். பிறகு பெட்டியைத் திறந்து படத்தை எடுக்கிறாள். நன்றாக வந்தது. ஆனால் அவர் போகவில்லையே.

இரண்டு: அவர் சொல்லவில்லை. பைக்கைச் சரி செய்து, பெரிய ஜெட்டை மாட்டி, தெரியாத ஒருவருக்கு

இதை முடிக்க முடியவில்லை. இதுதான் நடந்துகொண்டிருப்பது.

மூன்று: அவள் இந்தக் கதையைப் படிக்கிறாள். ஆறு மணிக்குக் கொழுந்துக்கூடையைத் தூக்குகிறவள் எந்தப் புத்தகத்தைப் படிப்பாள்? படித்தாலும் பயனில்லை. அவள் பெயர் விஜயலெட்சுமி அல்ல. ஊர், ரோடு, அவன் பெயர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். மரியாதைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அற்புதராஜ் பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்கினார், நான் ஏறவே இல்லை.

அதனால் உங்களிடம் விடுகிறேன். மலைத் தோட்டம் எதற்காவது போனால் விசாரியுங்கள்: நேர் ரோட்டில் விழுந்து செத்தவன் வீடு, படத்துக்கு விளக்கு வைக்காத வீடு. தோட்டத்தில் காட்டுவார்கள். அவளிடம் சொல்லுங்கள், அவன் விழுந்ததற்குக் குடி காரணமில்லை, அவன் குடித்ததை யாரும் கண்ணால் பார்க்கவுமில்லை என்று.

அவள் நம்பமாட்டாள். "அப்ப எதனால விழுந்தாரு?" என்று கேட்பாள். நீங்கள் ஜெட்டைச் சொல்வீர்கள். "யாரு மாட்டுனது?" என்பாள்.

என்னிடம் அவருடைய உண்மைப் பெயர் இருக்கிறது. ஆனால் நான் எழுதப்போவதில்லை. அவள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.